வெர்சாயா, ஃபிராங்க்ஃபர்ட்டா: எந்த உடன்படிக்கையிலிருந்து தொடங்குவது?

போட்டித் தேர்வு எழுதுபவர்களுக்கு உலக வரலாறு எடுக்கிறேன். தோற்ற நாட்டின் தலையில் கட்டும் கடுமையான சமாதானம் அதன் பொருளாதாரத்தை என்ன செய்யும் என்ற பாடத்துக்கு ஒரே வகுப்புதான் ஒதுக்க முடிகிறது. ஆகவே ஒரு உடன்படிக்கையை மட்டுமே விரித்துப் பேசலாம். பெரும்பாலும் எடுக்கப்படுவது முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியின் மீது போட்ட 1919 வெர்சாய். நான் 1871 ஃபிராங்க்ஃபர்ட்டை எடுக்கிறேன். அங்கே தோற்றது பிரான்ஸ், வென்றது ஜெர்மனி.

நிலம் போன கதை இரண்டிலும் உண்டு. அல்சேஸ்-லொரைன் 1871இல் போனது, 1919இல் திரும்பி வந்தது. இரண்டிலும் தோற்றவன் மண்ணில் வென்றவன் படை உட்கார்ந்திருந்தது. இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருப்பதால், தோற்றவன் வென்றவனுக்குக் கட்ட வேண்டிய இழப்பீட்டுத் தொகைக்குப் போய்விடலாம்.

பிரான்ஸ் கட்ட வேண்டியது 500 கோடி ஃபிராங்க். அன்றைய பிரெஞ்சு தேசிய வருமானத்தில் ஏறத்தாழ கால் பங்கு. ஜெர்மனிக்கு 1921 மே மாதம் லண்டனில் வகுத்த கணக்கு 13,200 கோடி தங்க மார்க் (தங்க மதிப்பில் கணக்கிட்ட ஜெர்மன் பணம்). கேட்டால் தலை சுற்றும். ஆனால் அதில் 8,200 கோடி ‘சி’ வகைப் பத்திரம். நேச நாடுகளின் வாக்காளர்களைச் சமாதானப்படுத்த எழுதிய காகிதம் என்றே சொல்லலாம். உண்மையில் கேட்டது மீதி 5,000 கோடி, அதாவது போருக்கு முந்தைய ஜெர்மனியின் ஓராண்டு வருமானத்துக்குப் பக்கத்தில். அப்படிப் பார்த்தாலும் ஜெர்மனியின் சுமைதான் பெரிது. இந்த வருமானக் கணக்குகள் பிற்காலத்தவர் போட்ட மதிப்பீடுகள் என்பதால் விகிதத்தை ரொம்பவும் அழுத்திப் பிடிக்க மாட்டேன்.

நான் அழுத்துவது வேறு இடத்தில். நாட்டுக்குள் வரி போட்டோ கடன் வாங்கியோ பணம் திரட்டுவது ஒரு வேலை. அதை எல்லை தாண்டி, வாங்குபவர் ஒப்புக்கொள்ளும் வடிவத்தில் கொண்டு சேர்ப்பது முற்றிலும் வேறு வேலை. இந்த இரண்டாவது வேலையைத் தெளிவாகப் பார்க்க 1871ஐ விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஃபிராங்க்ஃபர்ட் உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு எந்தெந்த வடிவில் பணம் வாங்கப்படும் என்று பட்டியலே போடுகிறது: தங்கம், வெள்ளி, இங்கிலாந்து, பிரஷ்யா, நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளின் வங்கி நோட்டுகள், முதல்தரமான உண்டியல்கள் (குறித்த நாளில் பணம் தரச் சொல்லி ஒரு வணிகர் மீது எழுதும் சீட்டுகள்). பிரெஞ்சு நோட்டு பட்டியலிலேயே இல்லை. பிறகு பேசி 12.5 கோடி ஃபிராங்குக்கு மட்டும் விலக்கு வாங்கினார்கள். அப்புறம் எப்படித்தான் கட்டினார்கள்? தங்கமும் வெள்ளியும் சேர்ந்தே சுமார் 51 கோடி ஃபிராங்க்தான். 400 கோடிக்கு மேல் போனது உண்டியல்களாக. லண்டன், ஆம்ஸ்டர்டாம், ஹாம்பர்க் என்று எந்த ஊர் வணிகர் மீது எழுதியதாக இருந்தாலும், பிரெஞ்சு நிதித்துறை சந்தையில் வாங்கி பெர்லினுக்குக் கொடுத்தது.

இத்தனை உண்டியல் கிடைத்ததற்குக் காரணம், பிரெஞ்சு நடுத்தர வர்க்கம் பல பத்தாண்டுகளாக வெளிநாட்டு ரயில் பத்திரங்களிலும் அரசுப் பத்திரங்களிலும் சேமிப்பைப் போட்டு வைத்திருந்ததுதான். பிரான்சின் தலைவர் தியேரின் அரசு 5 சதவீத வட்டிக்குக் கடன் பத்திரம் வெளியிட்டதும் பலர் வெளிநாட்டுப் பத்திரத்தை விற்று இதை வாங்கினார்கள். வெளிநாட்டவரும் வாங்கினார்கள். 1872 ஜூலையில் அரசு கேட்டது சுமார் 300 கோடி, வந்த விண்ணப்பங்கள் 4,000 கோடிக்கு மேல். நம் ஊர் ஐபிஓவில் பத்து மடங்கு விண்ணப்பம் குவிவது போல, பங்கு குறைத்துத்தான் தருவார்கள் என்று தெரிந்து கூட்டிக் கேட்டவர்களும் அதில் உண்டு. 100 ஃபிராங்க் பத்திரத்தை 84.50க்கு விற்றால் கூட்டம் வராதா? 1874 மார்ச்சுக்குள் கட்ட வேண்டிய தொகை 1873 செப்டம்பரிலேயே முடிந்தது. தவணை கட்டக் கட்டப் படையும் படிப்படியாக வெளியேறியது. கடனைக் கட்டுபவனுக்கு இதைவிட நல்ல தூண்டுதல் இல்லை.

வெர்சாய் இந்த வழிகளையெல்லாம் முதலிலேயே அடைத்துவிட்டது. ஜெர்மானியரின் வெளிநாட்டுச் சொத்துகள் பறிபோயின. 1,600 டன்னுக்கு மேற்பட்ட வணிகக் கப்பல்கள் அத்தனையும் போயின. லொரைன் இரும்புத்தாது போனது, சார் என்ற பகுதியின் நிலக்கரிச் சுரங்கங்கள் பிரான்ஸ் கைக்குப் போயின. மிச்சமிருந்த ஒரே வழி ஏற்றுமதி. அதை வாங்கவும் ஆளில்லை. ஜெர்மனி கப்பல் கொடுத்தால் பிரிட்டிஷ் கப்பல் தளத்துக்கு வேலை குறைகிறது, நிலக்கரி கொடுத்தால் வேல்ஸ் சுரங்கத்துக்குச் சந்தை குறைகிறது. அமெரிக்கா 1922இல் சுங்க வரியை உயர்த்தியது. பணம் வேண்டும், சரக்கு வேண்டாம் என்றால் எப்படிக் கட்டுவது?

மாணவர்கள் இங்கே, நோட்டு அடித்துக் கடனை அடைத்தார்களே என்பார்கள். கடன் தங்க மார்க்கில். காகித மார்க்கை அடித்து அதைக் கரைக்க முடியாது. 1921 ஆகஸ்டுக்குள் கட்டிய 100 கோடி தங்க மார்க்குக்காகக் காகித மார்க்கை விற்று அந்நியச் செலாவணி வாங்கியதில் மார்க் சரிந்தது உண்மை. போர்ச் செலவைக் கடனிலேயே ஓட்டியது அதற்கும் முந்தைய நோய். இழப்பீடாகத் தர வேண்டிய மரம், நிலக்கரி பாக்கியைக் காரணம் காட்டி 1923 ஜனவரியில் பிரான்சும் பெல்ஜியமும் ஜெர்மனியின் தொழிற்பகுதியான ரூருக்குள் நுழைந்தன. வேலையை நிறுத்திய தொழிலாளருக்குப் படியளக்க பெர்லின் அச்சகத்தை முடுக்கியது. நவம்பரில் ஒரு டாலர் 4.2 லட்சம் கோடி மார்க். அதன்பின் 1924 டாவ்ஸ் திட்டம்: அமெரிக்கக் கடன் ஜெர்மனிக்கு, அங்கிருந்து இழப்பீடாகப் பாரிசுக்கும் லண்டனுக்கும், அங்கிருந்து போர்க்கடன் தவணையாக மறுபடி அமெரிக்காவுக்கு. அமெரிக்கக் கடன் வற்றியதும் சுழற்சி நின்றது. 1932இல் லோசான் மாநாட்டில் இழப்பீட்டையே மூட்டை கட்டியபோது ஜெர்மனி கட்டி முடித்திருந்தது சுமார் 2,000 கோடி தங்க மார்க்.

ஜெர்மனிக்கு வசதி இருந்தது, மனம்தான் இல்லை என்று வாதிடும் பொருளாதார அறிஞர்கள் உண்டு. அதை ஒதுக்க மாட்டேன். வரியை உயர்த்தி எதிரிக்குக் கொடு என்று சொல்லும் அரசு எங்கே நிலைக்கும்? ஆனால் வசதி எங்கே முடிகிறது, மனம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போடுவது எளிதில்லை. பிரான்சுக்கு அதிர்ஷ்டமும் இருந்தது: அதன் போர் ஆறேழு மாதம், ஜெர்மனியுடையது நான்கு வருஷத்துக்கு மேல்.

ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் நான் சாய இன்னொரு காரணம், வாங்கியவன் கதையும் அதில் தெரிகிறது. அந்தப் பணத்தை வைத்து ஜெர்மனி தங்க மார்க்குக்கு மாறியது; 12 கோடி மார்க்கைத் தங்க நாணயமாக ஸ்பாண்டாவ் கோட்டைக் கோபுரத்தில் அடுத்த போருக்கென்று பூட்டியது. பழைய போர்க்கடனை அடைத்ததில் சந்தையில் பணம் புரண்டது, புதுக் கம்பெனிகள் முளைத்தன, 1873இல் வியன்னாவைத் தொடர்ந்து பெர்லின் பங்குச்சந்தை கவிழ்ந்தது. இழப்பீடு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் எண்ணெய் ஊற்றியது அதுதான். கொடுத்த பாரிஸ் அந்த முறை ஒப்பளவில் தப்பியது.

அரசியல் விளைவுக்காகப் படிப்பவர் தாராளமாக வெர்சாயிலிருந்து தொடங்கலாம். பணத்தின் வழியைப் புரிந்துகொள்ள வேண்டியவர் ஃபிராங்க்ஃபர்ட்டை முடித்துவிட்டு, நேரமிருந்தால் பின்லாந்தையும் பார்க்கட்டும். 1944இல் சோவியத் யூனியன் அதன் மீது போட்ட 30 கோடி டாலர் இழப்பீட்டைக் கப்பலாகவும் இயந்திரமாகவும் மரப்பொருளாகவுமே கேட்டு வாங்கியது. பிறகு தொகையைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தது. 1952இல் பின்லாந்து கடைசிச் சரக்கை அனுப்பிக் கணக்கை முடித்தது.