எங்கள் ஊர் ஆஸ்பத்திரி: பன்னிரண்டு வருஷப் பழக்கம்

தங்கச்சி வீட்டுக்காரருக்கு வேலை எங்கள் பக்கம் மாறியிருக்கிறது. அவளுக்கு இது ஐந்தாம் மாதம். "உங்க ஊர் ஆஸ்பத்திரி எப்படிக்கா?" என்று போனில் கேட்டாள். "என்ன கிழமை, எத்தனை மணிக்குன்னு சொல்லு, அப்புறம் சொல்றேன்" என்றேன். கிண்டல் என்று நினைத்துக்கொண்டாள். உண்மையிலேயே அப்படித்தான்.

2012-ல் கல்யாணமாகி உசிலம்பட்டிப் பக்கம் இந்த ஊருக்கு வந்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கு என்ன என்றாலும் முதலில் போவது ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான். கர்ப்பிணிகளுக்குச் செவ்வாய், குழந்தைகள் தடுப்பூசிக்குப் புதன். இந்த இரண்டு நாளும் அந்தக் கட்டடம் கல்யாண வீடு மாதிரி இருக்கும். எல்லாரும் வேலையில் இருப்பார்கள், எடை மெஷின் கூட ஒழுங்காக ஓடும்.

மகளைச் சுமந்தபோது சர்க்கரைப் பரிசோதனைக்கு 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார்கள். குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140-ஐத் தொட்டால் கர்ப்பகால சர்க்கரை. நான் பத்தாவது நிமிடத்திலேயே புங்கமரத்தடியில் வாந்தி எடுத்துவிட்டேன். மறுநாள் திரும்ப வரச் சொன்னார்கள். அலுப்பாகத்தான் இருந்தது. ஆனால் தனியார் கிளினிக்கில் பார்த்த என் மதினிக்கு அந்தச் சோதனையையே எட்டாம் மாதத்தில்தான் செய்தார்கள். இங்கே வயிற்றில் குழந்தை என்று பதிந்தவுடனேயே ஒருமுறை செய்துவிடுகிறார்கள்.

2013-ல் சுகப்பிரசவம். பார்த்தது நர்சம்மாதான், டாக்டர் காலையில் வந்து பார்த்தார். மாமியார் நூறு ரூபாயை நர்சம்மா கையில் திணித்தார். "பிள்ளைக்கு ஏதாவது வாங்கிக் குடுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2018-ல் மகனைச் சுமந்தபோது எட்டாம் மாதம் எனக்குப் பிரஷர் ஏறவும், இங்கே வைத்துக்கொள்ளாமல் உடனே பெரிய இடத்துக்கு அனுப்பினார்கள். அது நல்ல முடிவு. அந்த இடத்தின் பெயர் வேண்டாம். டாக்டர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தள்ளுவண்டி தள்ளியவரில் தொடங்கி ஆளாளுக்குக் கை நீட்டினார்கள். பையன் என்றால் ஒரு ரேட், பொண்ணு என்றால் ஒரு ரேட். பையன் பிறந்ததற்கு வருத்தப்பட்ட ஒரே ஆள் அன்று என் வீட்டுக்காரராகத்தான் இருக்கும்.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி மகளுக்கு 12,000 ரூபாய். மகன் பிறந்த வருஷம் அதை 18,000 ஆக்கியிருந்தார்கள். அதில் 4,000-க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம், மீதி தவணை தவணையாக வங்கிக் கணக்கில். கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் தப்பாக ஏறியிருந்தது. கடைசித் தவணை வந்தபோது பையன் தெருவில் ஓடிக்கொண்டிருந்தான். தங்கச்சிக்கு நான் சொன்னது: பதிகிற அன்றே கணக்கு எண்ணைக் கம்ப்யூட்டரில் நீயே எட்டிப் பார்த்துவிடு.

மாமியாருக்கு சுகரும் பிரஷரும் 2015-லிருந்து. மாத்திரை இதுவரை காசு கொடுத்து வாங்கியதில்லை. மருந்தெல்லாம் 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குவது. அதனால் கம்பெனி மாறும், கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறமும் மாறும். வெள்ளையாக இருந்தது ஒரு மாதம் ரோஸ் நிறத்தில் வந்ததும், "இது வேற யாருக்கோ உள்ளது" என்று மூன்று நாள் போடாமலே இருந்துவிட்டார். மாத்திரை கொடுக்கும் ஜன்னலில் இதை ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை. அட்டையை நீட்டி "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்பதோடு சரி. வரிசை அவ்வளவு நீளம் என்பதும் உண்மைதான்.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தபிறகு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வருகிற பெண் எங்கள் தெருக்காரி, பிரஷர் பார்த்து எழுதிக்கொண்டு போவாள். சில மாதம் பத்து நாள் தள்ளிப்போகும். மாமியாருக்கு இந்த ஏற்பாடே அவ்வளவு பிடிக்கவில்லை. மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து நாலு ஊர்க் கதை பேசுவது போய்விட்டதாம்.

நாய்க்கடி ஊசியும் உண்டு. மகனைக் கடித்தபோது பல் லேசாகத்தான் பட்டிருந்தது. முதலில் குழாயடியில் நிற்க வைத்து சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவச் சொன்னார்கள். அப்புறம் இரண்டு கையிலும் தோலுக்குள் ஊசி: முதல் நாள், 3, 7, 28. ஒரு குப்பியைத் திறந்தால் அன்றைக்கே நாலைந்து பேருக்குப் போட்டு முடிக்க வேண்டும் என்பதால் இன்னும் ஆள் வரட்டும் என்று உட்கார வைத்தார்கள். 28-ஆம் நாள் பையனுக்கு ஒன்றுமே இல்லையே என்று விட்டுவிடுகிறவர்கள் எங்கள் ஊரில் அதிகம். நாங்கள் போனோம்.

இதெல்லாம் பகல் கதை. ராத்திரி வேறு ஆஸ்பத்திரி.

58 கிராமக் கால்வாயில் தண்ணீர் வந்த சமயம், சின்ன மாமனார் ராத்திரி பத்து மணிக்கு மடை மாற்றப் போன இடத்தில் பாம்பு கடித்துவிட்டது. பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோனோம். முன்பக்கக் கிரில் கேட் பூட்டு. தட்டுகிறோம், கத்துகிறோம், பதிலே இல்லை. ஐந்து நிமிடத்துக்குப் பிறகு பக்கத்து டீக்கடைக்காரர் எழுந்து வந்து பின்பக்க ஜன்னலைத் தட்டினார். உள்ளே ஒரே ஒரு நர்ஸ், பிரசவ அறையில் இன்னொரு பெண்ணோடு. டாக்டருக்கென்று கட்டிய வீடு வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது, அதுவும் பூட்டு. டாக்டர் மதுரையிலிருந்து வந்து போகிறவர்.

அந்த நர்சம்மாவைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். காலில் இறுக்கிக் கட்டியிருந்த துண்டைப் பார்த்துத்தான் கோபப்பட்டார். கொஞ்சம் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு அசையாமல் நிறுத்தினார். இருபது நிமிடத்தில் உறைய வேண்டுமாம். சாய்த்துப் பார்த்தார், தண்ணீராக ஓடியது. போனில் டாக்டரிடம் கேட்டுக்கொண்டே விஷமுறிவு மருந்தை ஏற்றி, 108-ல் மதுரைக்கு அனுப்பினார். ஆறாம் நாள் சின்ன மாமனார் நடந்து வீடு வந்தார். அந்த ஐந்து நிமிடப் பூட்டை மட்டும் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. தோப்பூர் எய்ம்ஸுக்கு 2019-ல் அடிக்கல் நாட்டியதிலிருந்து எங்கள் பக்கத்தில் அதே பேச்சுதான். வரட்டும், நல்லது. எனக்கு அதற்கு முன்னால் வேண்டியது இந்த ஊரில் ராத்திரி ஒரு டாக்டர், இல்லையென்றால் கேட்டில் ஒரு மணி.

மற்றபடி, கழிப்பறைக்குப் போகிற அவசியம் வராமல் பார்த்துக்கொள்வது நல்லது. எக்ஸ்ரே கிடையாது. ரத்தப் பரிசோதனை செய்கிறவர் லீவு என்றால் அன்றைக்கு அந்த அறையே லீவு.

தங்கச்சியிடம் இவ்வளவையும் சொல்லி, செவ்வாய்க்கிழமை எட்டரைக்கெல்லாம் வந்துவிடு, ஒன்பதுக்கு மேல் பெஞ்சில் இடம் கிடைக்காது என்றேன். "வலி ராத்திரியில வந்துச்சுன்னா?" என்றாள். "108-க்குப் போன் போடு. இங்கதான் வர்றேன்னா முன்கேட்டுல நிக்காத. இடதுபக்கமா சுத்திப் போ, ரெண்டாவது ஜன்னல்."