மாடி பஸ்ஸில் ஒன்பது வருஷம்

அக்கா மகன் அடுத்த மாதம் சிங்கப்பூர் போகிறான். மன்னார்குடிக் கடைத்தெருவில் அவனுக்குப் பெட்டி வாங்கப் போயிருந்தோம். சம்பளப் பிடித்தம் பற்றிக் கேட்பான், சாப்பாடு பற்றிக் கேட்பான் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அவன் கேட்டது இதைத்தான்: "மாமா, அங்க மாடி பஸ்ஸுல மேல முன்னாடி சீட்டு கிடைக்குமா?"

கிடைக்கும்டா. ஆனால் அந்த சீட்டைப் பற்றி மட்டும் பேசினால் அந்த பஸ்ஸைப் பற்றி ஒன்றுமே சொல்லாத மாதிரி. 2014-லிருந்து 2023 வரை சிங்கப்பூரில் ஹவ்காங் என்கிற பகுதியில் அறை எடுத்துத் தங்கி, வேலைக்குப் போக ஒரு வேளை, வர ஒரு வேளை, ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்க ஒரு வேளை என்று அதிலேயே உருண்டவன் நான். ஒருநாள் ஏறி மேலே உட்கார்ந்து வீடியோ எடுத்துப் போடுகிறவர்கள் சொல்லாமல் விடுவதை எழுதலாம் என்றுதான் இது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஒன்பது வருஷத்தில் எனக்கு அந்த பஸ்ஸில் பிடித்ததெல்லாம் பெரும்பாலும் கீழ்த்தளத்தில் இருந்தது. கோபம் வந்ததெல்லாம் மாடிப்படியில்.

முதலில் வண்டி. அங்கே மாடி பஸ் புதுசு இல்லை, 1977-லேயே லேலண்ட் அட்லாண்டியன் என்ற இங்கிலாந்து வண்டியைக் கொண்டுவந்து ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். என் காலத்தில் அதிகம் ஓடியவை வால்வோ, மேன், அலெக்சாண்டர் டென்னிஸ் கம்பெனி வண்டிகள். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு: 12 மீட்டர் நீளம், நாலரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரம், எடை தாங்க மூன்று அச்சு. உட்கார்ந்தும் நின்றும் சுமார் 130 பேர் போகலாம். எஞ்சின் பின்னால் இருக்கிறது. இந்த ஒன்றை மனசில் வைத்துக்கொண்டால் உள்ளே எது ஏன் எங்கே இருக்கிறது என்பது தானாகப் புரிந்துவிடும். எஞ்சினும் பின்னச்சுகளும் அந்தக் கோடியில் ஒதுங்கிக்கொண்டதால் முன்வாசலிலிருந்து நடுவாசல் வரை தரை ஒரே மட்டம், படியே கிடையாது. அதற்குப் பின்னால் ஒரு படி இரண்டு படி ஏறித்தான் கடைசி சீட்டுகளுக்குப் போகணும், சக்கரத்தின் மேல் மேடை போட்டு வைத்திருக்கிற சில சீட்டுகள் பின்பக்கம் பார்த்துத் திரும்பியிருக்கும், எதிரே இருப்பவர் முழங்காலும் நம் முழங்காலும் பேசிக்கொள்ளும். கீழ்த்தளத்துக் கடைசி வரிசையில் உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் எஞ்சின் முனகிக்கொண்டே வரும், கொஞ்சம் சூடும் தெரியும். மழையில் நனைந்து ஏறினால் மட்டும் அது நல்ல இடம்.

அம்மா 2018-ல் இரண்டு வாரம் வந்திருந்தாள். முழங்கால் வலிக்காரி. நம்ம ஊர் டவுன் பஸ்ஸில் அவளை ஏற்றுவது என்றால் நான் கீழே நின்று முட்டுக்கொடுக்கணும், மேலே யாராவது கை கொடுக்கணும், அதற்குள் விசில் அடித்துவிடக் கூடாது. அங்கே முதல் நாள் பஸ் வந்து நின்றதும் பழக்க தோஷத்தில் நான் கையைப் பிடிக்கப் போனேன். நடைமேடைக்கும் பஸ் தரைக்கும் ஒரு சின்ன எட்டு வித்தியாசம்தான், தேவைப்பட்டால் டிரைவர் பட்டனைத் தட்டி வண்டியை 'உஸ்' என்று வாசல் பக்கமாகக் கொஞ்சம் சாய்க்கவும் முடியும். அம்மா திண்ணையிலிருந்து ரேழிக்குள் போவது மாதிரி நடந்து உள்ளே போய்விட்டாள். போய் உட்கார்ந்து, "இதுக்கு எதுக்குத் தம்பி என்னைப் புடிச்ச?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காகவே அந்த பஸ்ஸுக்கு முழு மார்க் போடலாம்.

கீழே நடுவாசலுக்கு எதிரில் சக்கர நாற்காலிக்கு இடம் விட்டிருப்பார்கள். நாற்காலி முன்பக்கம் பார்க்காது, முதுகை ஒரு பலகையில் சாய்த்துப் பின்பக்கம் பார்த்து நிற்கும். பிரேக் போட்டால் ஆள் முன்னால் தூக்கி எறியப்படாமல் பலகையில் அழுந்துவதற்காக அந்த ஏற்பாடு. சக்கர நாற்காலியில் ஒருவர் நிறுத்தத்தில் காத்திருந்தால் டிரைவர், அங்கே அவருக்கு பஸ் கேப்டன் என்று பெயர், இறங்கி வந்து நடுவாசல் தரையில் மடித்து வைத்திருக்கிற சாய்வுப் பலகையைக் கையாலேயே விரித்துப் போடுவார். மற்றவர்கள் காத்திருப்பார்கள். 2017 ஏப்ரலிலிருந்து குழந்தைத் தள்ளுவண்டியையும் மடிக்காமலே ஏற்றலாம் என்று விட்டுவிட்டார்கள், அதுவும் இதே இடத்தில்தான் நிற்கும். கூட்ட நேரத்தில் இரண்டும் வந்துவிட்டால் அங்கே நிற்கிற நம்மைப் போன்ற ஆட்கள் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடனமாட வேண்டியதுதான்.

கம்பிகளைப் பற்றி யாரும் எழுத மாட்டார்கள், நான் எழுதுகிறேன். நிற்கிறவனுக்கு பஸ் என்பதே கம்பிதான். பளிச்சென்ற நிறத்தில் செங்குத்துக் கம்பிகள், கை எட்டுகிற தூரத்தில் ஒன்று விட்டு ஒன்று, ஒவ்வொன்றிலும் இடுப்புக்கு மேலே மணி பட்டன். உட்கார்ந்திருந்தாலும் எழுந்திருக்காமல் எட்டும். ஒருவர் அழுத்தினால் முன்னால் விளக்கு எரியும், அடுத்த நிறுத்தத்தில் நிற்கப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும், மறுபடி அழுத்த வேண்டியதில்லை. ஊருக்கு வந்த புதிதில் கூத்தாநல்லூர் போகிற பஸ்ஸில் என் கை தானாகப் போய்க் கம்பியில் பட்டனைத் தேடியது. பக்கத்தில் நின்ற பெரியவர் என்னைப் பார்த்துவிட்டு, கண்டக்டரைப் பார்த்து, "ஆளு எறங்கணும்பா" என்று எனக்காகக் குரல் கொடுத்தார். அதுவும் ஒரு மணிதான்.

சரி, மாடிப்படி.

பெரும்பாலான வண்டிகளில் ஒரே ஒரு மாடிப்படி, டிரைவர் பக்கச் சுவரை ஒட்டி. ஏறுகிறவனும் அதில்தான் ஏறணும், இறங்குகிறவனும் அதில்தான் இறங்கணும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் போகிற அகலம் இல்லை. ஏறுவது சிரமமே இல்லை. டிக்கெட்டுக்குப் பதிலான கார்டை வாசல் கருவியில் தட்டினோம், இரண்டு பக்கமும் கைப்பிடி இருக்கிறது, ஏறினோம். இறங்குவதுதான் கதை. மேலே நிற்கக் கூடாது என்பது சட்டம், வண்டியின் உயரத்துக்கு மேலே ஆட்கள் நின்றால் ஆட்டம் அதிகமாகும், பிரேக் போட்டால் கதையே முடிந்துவிடும். ஆனால் நிறுத்தத்துக்கு வந்த பிறகு எழுந்து நடந்து வந்தால் நேரம் போதாது. ஆகவே என்ன செய்வோம், முந்தைய நிறுத்தம் தாண்டினதுமே எழுந்து, ஓடுகிற வண்டியில், வலது கையில் காய்கறிப் பை, இடது கையில் கைப்பிடி, வாயில் கார்டு (சிரிக்காதீர்கள், மழை நாளில் குடையும் இருந்தால் வேறு வழியில்லை) என்று படியில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து இறங்குவோம். வண்டி திரும்புகிற நேரமும் நாம் நடுப்படியில் இருக்கிற நேரமும் எப்படித்தான் ஒன்றாகுமோ. கீழே வந்தால் படி முடிகிற இடத்திலேயே பத்துப் பேர் நிற்பார்கள், ஏனென்றால் அதுதான் வாசலுக்குப் பக்கம்; அவர்களை விலக்கி வாசலில் இருக்கிற கருவியில் கார்டைத் தட்டிவிட்டு இறங்கணும். தட்டாமல் குதித்துவிட்டால் கடைசி நிறுத்தம் வரைக்குமான காசு போய்விடும். முதல் வருஷத்தில் எனக்கு நாலைந்து முறை போயிருக்கிறது.

ஒருமுறை படியில் சறுக்கினேன். பெரிய அடி இல்லை, இரண்டு படி உட்கார்ந்தபடியே வந்தேன், பையிலிருந்த முருங்கைக்காய் மூன்றாக உடைந்தது. அன்றிலிருந்து பத்து நிறுத்தத்துக்குக் குறைவான பயணம் என்றால் மேலே போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். நான் மட்டும் இல்லை, எல்லோரும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள் என்பது கொஞ்ச நாளில் புரிந்தது. கீழே தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பார்கள், மேலே இருபது சீட்டு காலியாகக் கிடக்கும். டிரைவர் கத்துவார், யாரும் நகர மாட்டார்கள். இதற்காகச் சில வண்டிகளில் படிக்கட்டுப் பக்கத்தில் ஒரு சின்னப் பலகை வைத்து மேலே எத்தனை சீட்டு காலி என்று எண் காட்டினார்கள். நல்ல யோசனைதான். ஆனால் 'மேலே இடம் இல்லை' என்பதால் ஜனங்கள் கீழே நிற்கவில்லையே, 'மேலே போனால் நேரத்துக்கு இறங்க முடியாது' என்பதால்தானே நிற்கிறார்கள். அதை எந்தப் பலகையில் காட்டுவது?

அதைப் புரிந்துகொண்ட வண்டி ஒன்று கடைசியில் வந்தது. நான் இருந்த கடைசி இரண்டு வருஷத்தில் மூன்று வாசல், இரண்டு மாடிப்படி வைத்த வண்டிகள் ஓட ஆரம்பித்தன. முன்படியில் ஏறு, பின்படியில் இறங்கு, இறங்கின கையோடு பின்வாசலில் வெளியே போ. எதிரே ஆள் வருவது கிடையாது. இரண்டாவது படியும் மூன்றாவது வாசலும் எடுத்துக்கொண்ட இடத்துக்குக் கொஞ்சம் சீட்டுகள் போயின, கீழ்த்தளம் சின்னதாகிவிட்டது என்று குறை சொன்னவர்களும் உண்டு. நான் சொல்ல மாட்டேன். என் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் முழுசாக வீடு வந்து சேர்ந்தது அந்த வண்டியில்தான். அதிலேயே செல்போன் சார்ஜ் போட யூஎஸ்பி துளையும் வைத்திருந்தார்கள். அது நடக்கும்போது நடக்கும், அதை நம்பி ஒரு சதவீதச் சார்ஜோடு கிளம்பாதே என்று மாப்பிள்ளைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

மேல்தளத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாவிட்டால் அவன் கோபித்துக்கொள்வான். முன் சீட்டு அழகுதான், மறுக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தூங்குமூஞ்சி மரங்களின் கிளைகள் சரக்சரக்கென்று உரசிக்கொண்டு வரும், நம்ம ஊர் மரம்தான், நாடு விட்டு நாடு வந்து பார்த்தாலும் அதே இலை. அப்புறம் வெயில். பிற்பகலில் மேற்கே போகிற வண்டியில் அந்தக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தால் நெற்றிக்கு மேலே ஏசி, மார்புக்கு நேராக அடுப்பு. மழை நின்ற இரவில் வேறு கூத்து: உள்ளே குளிர், வெளியே புழுக்கம், ஆகவே கண்ணாடிக்கு வெளிப்பக்கம் ஆவி படர்ந்துவிடும். உள்ளிருந்து துடைத்துத் துடைத்துப் பார்ப்பான் புதிதாக வந்தவன், போகாது. எந்த நிறுத்தம் என்று தெரியாமல் எண்ணிக்கொண்டே வரணும். மேல்தளத்தின் உயரமும் குறைவு, ஐந்தடி எட்டங்குலம் இருக்கிற நான் குனிந்துதான் நடப்பேன். வளைவில் கீழே இருப்பதைவிட மேலே ஆட்டம் அதிகமாகத் தெரியும், வயிற்றைப் புரட்டுகிற ஆசாமிகள் கீழேயே இருப்பது நல்லது. சீட்டு பிளாஸ்டிக் ஓட்டில் மெல்லிசா மெத்தை, நாற்பது நிமிஷத்துக்குச் சரி, அதற்கு மேல் இடுப்பு பேசும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, பெட்டி விற்ற கடைக்காரர், "ஏன் சார், நம்ம பக்கம் இப்படி ஒண்ணு விட மாட்டாங்களா?" என்றார். சென்னையில் ஒரு காலத்தில் 18ஏ ரூட்டில் மாடி பஸ் ஓடியது, அப்பா அதில் போயிருக்கிறார். மும்பையில் 2023 செப்டம்பரில் பழைய டீசல் மாடி பஸ்களுக்கு விடை கொடுத்துவிட்டு, ஏசி போட்ட மின்சார மாடி பஸ் ஓட்டுகிறார்கள். செய்தது அசோக் லேலண்ட் குழுமத்துக் கம்பெனி, 65 சீட்டு, அதிலும் இரண்டு மாடிப்படி. ஆக நம்ம ஆட்களுக்குச் செய்யத் தெரியாமல் இல்லை. ஆனால் டெல்டாவில் எங்கே விடுவது? வைக்கோல் ஏற்றின லாரி போகும்போதே வயர் வயராகப் பார்த்துக் குச்சியால் தூக்கிவிட ஒரு ஆள் மேலே உட்கார்ந்து வருகிறான். திருவாரூரில் 96 அடி ஆழித்தேர் வருகிற அன்று கரண்டை நிறுத்தி வழியைச் சரிசெய்து கொடுக்கிறார்கள், வருஷத்துக்கு ஒருமுறை அது சரி. பஸ் தினமும் வருமே. அதோடு நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்ற கூட்டத்தைப் பார்த்தவனுக்கு மேல்மாடி தேவைப்படாது, பொறுமைதான் தேவைப்படும்.

எனக்கு மேல்மாடி வேண்டாம். அந்தக் கீழ்மாடியை மட்டும் வெட்டி எடுத்து இங்கே கொண்டுவந்து விட்டால் போதும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். 2024-ல் சென்னையில் தாழ்தள பஸ்கள் வந்திருக்கின்றன, ஆசைப்படுவதில் தப்பில்லை. 2021 மே மாதத்திலிருந்து நம்ம டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அம்மா வயதுக்காரர்கள் எத்தனையோ பேர் அதனால் வெளியே கிளம்பியிருக்கிறார்கள். டிக்கெட் இறங்கிவிட்டது. படி மட்டும் இன்னும் அதே உயரத்தில் நிற்கிறது.

மாப்பிள்ளைக்குக் கடைசியாகச் சொன்னது: குறைந்த தூரம் என்றால் கீழே, நடுவாசலுக்கு ஒரு கம்பி தள்ளி நில். நீண்ட தூரம் என்றால் மேலே போ, ஆனால் முன் சீட்டு வேண்டாம், படிக்கட்டு வாய்க்குப் பக்கத்து வரிசையில் உட்கார். கார்டு எப்போதும் சட்டைப் பையில், பேண்ட் பையில் இல்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

"சரி மாமா. ஆனா மொத நாள் மேல, முன்னாடிதான்."

போடா. தலையில் கட்ட ஒரு துண்டு மட்டும் எடுத்துக்கொள், அந்த ஏசி நேராக நெற்றியில் அடிக்கும்.