தைபே பேலஸ் மியூசியம்: முட்டைக்கோஸை விட கறித்துண்டுதான் செம

தைவான் தலைநகர் தைபே போறவங்க நேஷனல் பேலஸ் மியூசியத்த விட்டுடாதீங்க. வெளிநாட்டுக்காரங்களுக்கு டிக்கெட் 350 தைவான் டாலர், தாராளமா கொடுக்கலாம்.

நான் போனதே ஜேட்ங்கிற விலையுயர்ந்த கல்லுல செஞ்ச அந்த முட்டைக்கோஸுக்காகத்தான். போஸ்டர்ல பாத்துட்டு பெருசா இருக்கும்னு நெனச்சுட்டு போனா, 18.7 சென்டிமீட்டர், ஒரு சாண் கூட இல்ல! ஆனா கிட்ட போய் குனிஞ்சு பாத்தாதான் தெரியுது விஷயம். ஒரே கல்லு, பாதி வெள்ளை பாதி பச்சை, நடுநடுவுல கீறல் கறை வேற. வளையல் செய்ய இந்தக் கல்லு ஆகாது. ஆனா செஞ்ச ஆளு வெள்ளைய தண்டாக்கி, பச்சைய இலையாக்கி, கீறலையெல்லாம் இலை நரம்புக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கான், மேல ரெண்டு வெட்டுக்கிளி வேற. சீனாவோட குவாங்ஷு பேரரசரோட மனைவி ஜின் இருந்த அரண்மனையில இருந்த பொருள் இது, அவங்க சீதனமா இருக்கலாம்னு சொல்றாங்க.

செதுக்கினாங்கன்னு நாம சொல்றோமே தவிர ஜேட்ல உளி வேலைக்கு ஆகாது, கத்தியால கீறல் கூட விழாது. அதை விட கடினமான மணலை தண்ணில குழைச்சு, கால்ல மிதிச்சு சுத்தற கருவியில வச்சு, நம்ம ஊர்ல சாணை பிடிக்கிற மாதிரி தேய்ச்சு தேய்ச்சே எடுக்கணும். அந்த வெட்டுக்கிளி காலை அப்படி தேய்ச்சு எடுத்தவனுக்கு எவ்ளோ பொறுமை இருந்திருக்கணும் சொல்லுங்க.

ஆனா என் ஓட்டு அங்க இருக்கிற இன்னொரு கல்லான கறித்துண்டுக்குத்தான். ஜாஸ்பர் கல்லு, உயரம் 6 சென்டிமீட்டர் கூட இல்ல, சோயா சாஸ்ல வெந்த பன்னிக்கறி அச்சு அசல். கொழுப்பு, கறின்னு அடுக்கடுக்கா இருக்கிறது கல்லோட இயற்கை வரி. மேல பொடிப்பொடியா குத்தி, சாயம் ஏத்தி, தோல்ல இருக்கிற மயிர்க்கால் வரைக்கும் கொண்டு வந்துட்டாங்க. எனக்கு பசியே எடுத்துருச்சு.

ரெண்டு விஷயம் பாத்துக்கோங்க. திங்கக்கிழமை லீவு. முட்டைக்கோஸ் சில சமயம் தெற்கு தைவான்ல சியாயிங்கிற ஊர்ல இருக்கிற மியூசியக் கிளைக்கு போயிடும், வெப்சைட்ட பாத்துட்டு கிளம்புங்க.

அப்புறம் ரோட்டோர கடைல அசல் ஜேட்னு கழுத்துல போடுற டாலர் எதுவும் வாங்கிடாதீங்க. நான் ஒண்ணு வாங்கி ரூமுக்கு வந்து போன் டார்ச் அடிச்சு பாத்தா உள்ள குட்டிக்குட்டி குமிழி, கண்ணாடி! மியூசியம் கடைல வாங்கின முட்டைக்கோஸ் மேக்னட்தான் இப்ப ஃபிரிட்ஜ்ல இருக்கு. கறித்துண்ட எடுக்க வீட்டம்மா விடல, சைவ வீட்ல அதெல்லாம் ஒட்டக்கூடாதாம்.