ஜார்ஜ்டவுனா, நோட்ர டேமா?

இரண்டுமே அமெரிக்காவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள், இரண்டிலும் இடம் கிடைப்பது கடினம். வாஷிங்டனில் இருக்கும் ஜார்ஜ்டவுன் 1789-இல் தொடங்கப்பட்டது, இயேசு சபையின் நிறுவனம். இண்டியானாவின் நோட்ர டேம், திருச்சிலுவைச் சபையினர் 1842-இல் நிறுவியது.

சமீப ஆண்டுகளில் ஜார்ஜ்டவுன் நூறு பேரில் பன்னிரண்டு பேரைப் போல எடுக்கிறது. நோட்ர டேம் அதைவிடக் குறைவு. ஆனால் இந்தச் சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஜார்ஜ்டவுன் எஸ்ஏடி அல்லது ஏசிடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைக் கட்டாயமாகக் கேட்கிறது, எத்தனை முறை எழுதியிருந்தாலும் எல்லா மதிப்பெண்ணும் போக வேண்டும். அப்புறம், முடிந்தவரை முன்னாள் மாணவர் ஒருவர் உங்களை நேர்காணல் செய்வார். நேரில் நன்றாகப் பேசும் பிள்ளைக்கு இது நல்ல வாய்ப்பு. நோட்ர டேமில் நேர்காணலே கிடையாது. அங்கே கட்டுரைகள்தான் உங்களுக்காகப் பேச வேண்டும்.

சீக்கிரம் விண்ணப்பித்தால் லாபமா? நோட்ர டேமில் முன்கூட்டிய சுற்றில் சேர்க்கை விகிதம் கூடுதல். ஜார்ஜ்டவுனில் அப்படிச் சலுகை இல்லை. அவசரப்படாமல் பள்ளி இறுதியாண்டு மதிப்பெண்ணோடு போகலாம்.

பணம் பெரிய கவலை என்றால், குறிப்பாக வெளிநாட்டு மாணவருக்கு, நான் நோட்ர டேமைத்தான் சொல்வேன். 2024-இல் அறிவித்தபடி, குடும்பத்தின் பண வசதியைப் பார்க்காமலே அவர்களையும் தேர்ந்தெடுக்கிறார்கள். உதவித்தொகையிலும் கடன் சேர்ப்பதில்லை.