வால்கட்டையும் வால்ரியூப்பும்: சைக்கிள் பையில் எதை வைத்திருப்பது பிரயோசனம்?

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம் சைக்கிள் உழக்குகிறவர்களுக்குத் தெரியும், நடுவழியில் காற்றுப் போனால் அடுத்த ஒட்டுக் கடைவரை உருட்டிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். இரண்டு பக்கமும் காடு. வெயில் நேரத்தில் ஆள் நடமாட்டமும் குறைவு. முள் குத்தினால் ஒட்டுப் போடாமல் சரிவராது. ஆனால் காற்றுப் போவதெல்லாம் முள்ளால் அல்ல. சிலவேளை ரியூப்பில் ஓட்டையே இருக்காது, வால்கட்டைப் பக்கம்தான் பிழை இருக்கும். வால்கட்டை என்பது காற்று அடிக்கும் வால்வுக்குள் இருக்கும் சின்ன உலோகத் துண்டு. அதற்கென்று கடைகளில் விற்கும் சின்னச் சாமான்களைப் பல வருடமாக வைத்துப் பார்த்துவிட்டேன். சிலது இல்லாமல் வீட்டை விட்டு வெளிக்கிடுவதே இல்லை, சிலதை இனிக் காசு கொடுத்து வாங்கமாட்டேன்.

எங்கள் வீட்டில் இரண்டு சைக்கிள். என்னுடையது லுமாலா, பழைய மாதிரி வால்கட்டை போட்டது. மகளுடையது கியர் சைக்கிள், அதில் மோட்டார் சைக்கிளுக்கு இருப்பதுபோல் நடுவில் ஊசி வைத்த வால்வு. அதை ஷ்ரேடர் வால்வு என்பார்கள். காருக்கும் ஓட்டோவுக்கும் இருப்பது அதுதான். ஜப்பானிலிருந்து வந்து இங்கே விற்கப்படும் பழைய சைக்கிள்களில் பெரும்பாலும் என்னுடையதைப் போன்ற வால்கட்டைதான் இருக்கும். ஆகவே வன்னியில் அதிகம் பேருக்கு உதவப்போவது வால்ரியூப் பற்றிய கதைதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வால்ரியூப் என்பது மெல்லிய ரப்பர்க் குழாய், விரல் நீளத்துண்டு போதும். வால்கட்டையின் காலில் பக்கவாட்டில் ஒரு சிறு துளை இருக்கும். ரப்பர் அதை இறுக்கி மூடியிருக்கும். பம்ப் அடிக்கும்போது காற்று அந்த ரப்பரைக் கொஞ்சம் தூக்கிவிட்டு உள்ளே போகும், அடித்து நிறுத்தியதும் உள்ளேயுள்ள அமுக்கம் ரப்பரைத் துளைமேல் அழுத்திவிடும். முழுச் சைக்கிளின் காற்றும் அந்தத் துண்டு ரப்பரை நம்பித்தான் நிற்கிறது. எங்கள் ஊர் வெயிலில் அது கெதியில் கெட்டுப்போகும். முதலில் ஒட்டுப்பிடிக்கும், பிறகு வெடிக்கும். இரவில் வைத்த சைக்கிள் விடிய ரயர் தட்டையாகக் கிடந்தால், ரியூப்பைக் கழற்றுவதற்கு முன் வால்கட்டையின் வாயில் ஒரு சொட்டுத் துப்பல் வைத்துப் பாருங்கள். நடுத்துளையில் குமிழி வந்தால் ரப்பர் போய்விட்டது. நட்டைச் சுற்றி வந்தால் வால்கட்டை சரியாக இருக்கவில்லை, அல்லது ரப்பர் நீளம் காணாமல் இருக்கிறது.

இந்த நீளம் காணாத விசயத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. ரப்பர் துளையை மூடினால் மட்டும் போதாது. மேலே கட்டை அகலிக்கும் இடம்வரை ஏற வேண்டும், ஏனென்றால் அந்த இடத்தில் அதுதான் வோசரின் வேலையையும் செய்கிறது. கட்டையை ஈரமாக்கிவிட்டு, ரப்பரைச் சுருட்டாமல் மெதுவாகத் தள்ளினால் ஏறிவிடும். திரும்பப் போடும்போது கட்டையிலுள்ள சிறு பல் வால்வின் வெட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்து நட்டை இறுக்குங்கள். 90களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் இங்கே சனத்துக்குப் பஸ்சும் லொறியும் சைக்கிள்தான், ரேடியோவுக்குக் கரண்ட் கொடுத்ததும் அதன் டைனமோதான். அப்பா அந்த நாளில் வெடித்த நுனியை வெட்டிவிட்டு மிச்சத்தை மறுபடி ஏற்றுவார். இன்று ஒரு பிளேன்ரீக் காசுக்குக்கூட வராத சாமான். அதனால் கைவசம் இல்லாமல் இருக்கக் கூடாது.

அடுத்தது, முழு வால்கட்டை ஒன்று மேலதிகமாக. வற்றாப்பளைப் பொங்கல் மாதிரிச் சனம் கூடுகிற இடத்தில் சைக்கிளை விட்டுவிட்டுத் திரும்பி வரும்போது மூடியும் கட்டையும் சேர்த்துக் காணாமல் போயிருக்கும். பள்ளிக்கூடச் சைக்கிள் தரிப்பிடத்தில் அது தினசரிக் கதை. ஜெர்மனியிலிருந்து வந்த மச்சான் ரப்பர் இல்லாத வால்கட்டை இரண்டு கொண்டுவந்து தந்தார். அதற்குள் தானாகத் திறந்து மூடும் அடைப்பு இருக்கிறது. பம்ப் அடிக்க நல்ல லேசு, வயதானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அது பெரிய உதவி. ஆனால் கிரவல் புழுதி உள்ளே போய் அடைப்பு மூடாமல் நின்றால் தெருவில் வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ரப்பர்க் கட்டையை யாரும் திருத்தலாம். ஆகவே ஓடுகிற சைக்கிளில் ஜெர்மன் கட்டை, பைக்குள் நம்மூர்க் கட்டை என்று வைத்திருக்கிறேன்.

மகளின் சைக்கிளுக்கு நான் வாங்கியதிலேயே சிறந்தது தலையில் இரட்டை நாக்கு வைத்த உலோக மூடி. மூடி புழுதியைத் தடுக்கும். அது முக்கியம், ஏனென்றால் ஊசியைச் சுற்றிக் கிடக்கும் மணல் பம்ப் அடிக்கும்போது உள்ளே தள்ளுப்பட்டு வால்வை இறுக மூடவிடாது. அதோடு மூடியைத் திருப்பிப் பிடித்தால் உள்ளேயிருக்கும் ஊசிக்கட்டையை இறுக்கலாம், கழற்றலாம். கிரவல் ரோட்டில் குலுங்கிக் குலுங்கி அந்தக் கட்டை இளகுவது சாதாரணம், ஒரு கால் சுற்று இறுக்கினால் மெல்லக் காற்றுப் போவது நின்றுவிடும். பிளாஸ்ரிக் மூடி வெயிலில் நொறுங்கிவிடும், ஆனால் எந்த மோட்டார் சைக்கிள் மூடியும் அதற்குப் பதில் பொருந்தும். நிறம் பூசிய அலுமினிய மூடிகளை மட்டும் முல்லைத்தீவுக் கரையோரத்தில் இருப்பவர்கள் வாங்க வேண்டாம். பித்தளை வால்வும் அலுமினியமும் உப்புக் காற்றில் சேர்ந்தால் அரித்து ஒட்டிக்கொள்ளும். எங்கள் சொந்தக்காரப் பெடியன் ஒருவன் மூடியைக் குறட்டால் திருகப்போய் வால்வின் தண்டே ரியூப்போடு கிழிந்துவிட்டது.

பித்தளையில் சின்ன அடப்டர் ஒன்று விற்கிறது. ரேஸ் சைக்கிளின் மெல்லிய வால்வுக்கென்று செய்தது என்றாலும் நம்முடைய பழைய வால்கட்டையின் வாயிலும் அது ஏறும். ஏற்றிவிட்டால் மோட்டார் சைக்கிள் கடைக் கொம்பிரசரில் காற்று அடிக்கலாம். உள்ளே ரப்பர் வோசர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் காற்று பக்கத்தால் போகும். கடைத் தம்பியிடம் விட்டுவிட்டு அங்காலே போகவும் வேண்டாம். கொம்பிரசர் ஒரு நொடியில் ரியூப்பை வெடிக்க வைக்கும். விட்டு விட்டு அடிக்கச் சொல்லி, ரயரைப் பெருவிரலால் அமத்திப் பாருங்கள். ரப்பர்க் கட்டையில் கேஜ் வைத்து அளந்தால் கணக்குச் சரியாக வராது, விரல்தான் நல்லது.

வால்வில் பூட்டும் மின்னும் லைட் பிள்ளைகளுக்கு ஆசையாக இருக்கும், மாரி மழை வந்ததும் பற்றரிக்குள் தண்ணீர் போய் நின்றுவிடும். நின்றாலும் நட்டமில்லை. ஏ9 வீதியில் ஆபத்து பின்னால் வரும் பஸ்சிலிருந்து, அந்த லைட் தெரிவதோ பக்கவாட்டில். அந்தக் காசுக்குப் பின்னுக்கு நல்ல சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒன்று போடுங்கள். வால்வை நீட்டுகிற குழாய் ஆழமான றிம் உள்ள ரேஸ் சைக்கிளுக்குத்தான், இங்கே தேவையில்லை.

பைக்குள் இருப்பதை எல்லாம் ஒரு குளிசைப் போத்தலுக்குள் போட்டு வைத்திருக்கிறேன். வால்ரியூப் துண்டுகள்மேல் கொஞ்சம் பவுடர் தூவினால் ஒன்றோடொன்று ஒட்டாது. எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிவிடும், ஆகவே செயினுக்கு விடும் எண்ணெயோடு சேர்த்து வைக்க வேண்டாம். கடையில் வாங்கும்போது துண்டை இழுத்துப் பாருங்கள். இழுத்த இடம் வெளிறி, சின்னக் கீறல் தெரிந்தால் அது பழைய சரக்கு, வேறு கடை பாருங்கள்.