கோதுமை இல்லாத சாப்பாடு: சுங்கை சிப்புட்டில் இருந்து பார்த்த அனுபவம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புறச் சிறு நகரத்தில், கோதுமையில் இருக்கும் குளூட்டன் இல்லாமல் வாழ முடியுமா என்று கேட்கிறார்கள். நன்றாகவே முடியும், பெரிய செலவும் இல்லை என்பதுதான் சில வருடங்களாக இதே ஊரில் இந்தச் சாப்பாட்டோடு இருக்கும் என் முடிவு. ஆனால் இதற்கென்று விற்கும் பாக்கெட் சாமான்களை நம்பி இறங்கினால் சீக்கிரம் அலுத்துவிடும். யார் சமைக்கிறார்கள், எதில் சமைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதில்தான் பாதி வெற்றி இருக்கிறது.

எனக்கு இருப்பது சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்கும். சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். எனக்கு அது முதலில் ரத்தக் குறைவாகத்தான் வெளியே தெரிந்தது. நான் போய்க்கொண்டிருந்த கிளினிக்கில் வயிற்று உப்பசத்துக்குக் கேஸ்ட்ரிக் மருந்தும், களைப்புக்கு இரும்புச் சத்து மாத்திரையும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். பெண்களுக்கு ரத்தம் குறைவாகத்தான் இருக்கும் என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்கள். அந்தப் பேச்சின் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. பிறகு ஈப்போவில் ஒரு குடல் நிபுணர்தான் ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி எல்லாம் செய்து கண்டுபிடித்தார். இதைக் குணப்படுத்தும் மாத்திரை எதுவும் இல்லை. ஆயுள் முழுக்கக் குளூட்டனை விடுவது ஒன்றே வைத்தியம்.

வீட்டுச் சமையல் பெரிய பாடில்லை. காலைப் பசியாற இட்லி, இடியாப்பம், புட்டு என்று மாறி மாறி ஓடும். மதியம் சோறும் கறியும். ராத்திரி கேழ்வரகு அடை, இல்லையென்றால் மதியச் சோறே போதும். ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் எங்கள் பாட்டி தோட்டத்து லயத்தில் மரவள்ளிக்கிழங்கை வேகவைத்துக் கொடுத்துத்தான் பிள்ளைகளைக் காப்பாற்றினார். அதே கிழங்கோடு தேங்காய்ப்பூவும் நெத்திலிச் சம்பலும் வைத்தால் எனக்கு இன்றைக்கும் முழுச் சாப்பாடு. ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் ஊற்றும் கேழ்வரகுக் கூழும் அப்படித்தான், பயமில்லாமல் வாங்கிக் குடிப்பேன்.

கண்ணுக்குத் தெரியாமல் வருவதுதான் ஆபத்து. நம் வீட்டில் அதில் முதலிடம் பெருங்காயத்துக்கு. கடையில் விற்கும் பெருங்காயத் தூள் சுத்தமான பெருங்காயம் இல்லை. அந்தப் பிசின் மிகவும் காரமாக இருப்பதால் மாவும் கோந்தும் கலந்துதான் விற்கிறார்கள். பல பிராண்டுகளில் அந்த மாவு கோதுமை மாவு. சாம்பார், ரசம், ஊறுகாய், முறுக்கு, புளியோதரை என்று அது போகாத இடமே இல்லை. சிட்டிகை தானே என்று நினைக்கக்கூடாது. 'குளூட்டன் இல்லாதது' என்று எழுத அனைத்துலக உணவுத் தர விதியான கோடெக்ஸ் அனுமதிக்கும் அளவே ஒரு கிலோ உணவுக்கு 20 மில்லிகிராம்தான். நான் அரிசி மாவு கலந்த பெருங்காயத்தைத் தேடி வாங்குகிறேன். அது கிடைக்காத மாதத்தில் பூண்டும் சீரகமும் தட்டிப் போட்டு ரசம் வைப்பேன், ருசியில் ஒரு குறையும் இல்லை. மிளகாய்த்தூள், மல்லித்தூளை மில்லில் அரைக்கக் கொடுப்பதை நிறுத்தியாயிற்று. எனக்கு முன்னால் வந்தவர் கோதுமையை அரைத்திருந்தால் அதே இயந்திரத்தில்தான் என் மல்லியும் போகும். வீட்டு மிக்சி போதும்.

இனி வெளிச்சாப்பாடு. பசியாறும் கடையில் தோசை கேட்டால் ஆபத்தில்லை என்று பலர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அரிசியும் உளுந்தும்தான், சரி. ஆனால் ரொட்டி சானாய் (கோதுமை மாவுப் பரோட்டா) வீசும் கடையில் பெரும்பாலும் ஒரே கல்தான். ரொட்டியைப் புரட்டிய அதே கரண்டி தோசைக்கும் வரும், மாவு தூவிய மேசை பக்கத்திலேயே இருக்கும். நான் வழக்கமாகப் போகும் கடையில் இதைச் சொன்னபோது கடைக்கார அண்ணன் ஆச்சரியப்பட்டார். "தோசையில என்னம்மா கோதுமை?" என்றார். "தோசையில இல்லண்ணே, கல்லுலதான் இருக்கு" என்றேன். அன்றிலிருந்து எனக்கு ஆவியில் வேகும் இட்லி மட்டும்தான், அதுவும் தேங்காய்ச் சட்னியோடு. சாம்பார் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முன்பே சாம்பார் இல்லாத தட்டு வந்துவிடும். அந்த மனிதருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

வாழை இலைச் சாப்பாடு பார்ப்பதற்குப் பாதுகாப்பாகத் தெரியும். சோறு, பொரியல், தயிர் எல்லாம் சரி. ஆனால் எல்லோரும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கும் மொறுமொறு பாகற்காயில் மாவு தடவியிருப்பார்கள். பொரித்த கோழியிலும் அப்படியே. அதே எண்ணெயில் பொரித்தால் அப்பளத்தையும் விட வேண்டியதுதான். சைவக் கடைக்குப் போகிறவர்களுக்கு முக்கியமாக ஒன்று: சைவ மட்டன், சைவக் கோழி என்று வரும் பலவும் கோதுமைப் புரதத்தைப் பிழிந்து எடுத்துச் செய்தவை. அதாவது குளூட்டனே இலையில் வந்து உட்கார்ந்திருக்கும். ஒரு கல்யாணத்தில் 'இது சைவம், வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது' என்று அன்பாகப் பரிமாற வந்தார்கள். கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்று சொன்னேன்.

சீனக் கடையில் மீ கிடையாது, அது கோதுமை நூடுல்ஸ். கொய் தியோவும் பீஹூனும் அரிசி நூடுல்ஸ் என்றாலும் ஊற்றும் கிச்சாப்பில், அதாவது சோயா சாஸில், கோதுமை இருக்கும். கொய் தியோ மாவில் கோதுமை ஸ்டார்ச் கலப்பதும் உண்டு, அதனால் கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும். கோதுமை சேர்க்காத தமாரி சோயா சாஸ் ஈப்போவில் கிடைக்கிறது. ஒரு சின்னப் பாட்டிலில் ஊற்றிப் பையிலேயே வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்துக் கடை ஆன்ட்டி கூட்டம் இல்லாத நேரத்தில் வந்தால் சட்டியைக் கழுவிவிட்டு என் பாட்டிலை வைத்தே பீஹூன் பிரட்டித் தருவார். கூட்டமான நேரத்தில் அவரைத் தொந்தரவு செய்வது நியாயமில்லை, நமக்கும் பாதுகாப்பில்லை.

மலாய்க் கடைகளில் நாசி லெமாக் எனக்கு நம்பிக்கையான துணை: தேங்காய்ப்பால் சோறு, அவித்த முட்டை, வெள்ளரிக்காய், சம்பல். நெத்திலியும் கடலையும் எந்த எண்ணெயில் பொரித்தது என்று மட்டும் கேட்டுக்கொள்வேன், கரிபாப் (மசாலா வைத்த கோதுமை மாவுப் பலகாரம்) பொரிக்கும் எண்ணெய் என்றால் ஒதுக்கிவிடுவேன். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் இடியாப்பம் விற்கும் தள்ளுவண்டியைக் கண்டால் எனக்குத் திருவிழாதான். அரிசி மாவு, தேங்காய்ப்பூ, பழுப்புச் சர்க்கரை, வேறொன்றும் இல்லை. லக்சா விஷயத்தில் வடக்குப் பேராக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பினாங்கு லக்சா அரிசி நூலில் செய்வது, நமக்குப் பக்கத்தில் இருக்கும் கோலகங்சார் லக்சாவோ கோதுமை மாவில் பிசைந்து செய்வது. குழம்பு இரண்டுக்கும் மீன்தான் என்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம்.

தே தாரேக்கில் பயமில்லை. மைலோவில் பார்லியிலிருந்து எடுக்கும் மால்ட் இருக்கிறது, ஹார்லிக்ஸில் கோதுமையும் பார்லியும் இருக்கின்றன, இரண்டையும் விட்டாயிற்று. இதில் மனசுக்குக் கஷ்டமானது பார்லித் தண்ணீர்தான். உடம்பு சூடு, நீர்க்கடுப்பு, காய்ச்சல் என்று எதற்கும் இங்கே முதலில் காய்ச்சிக் கொடுப்பது அதுதான். நான் படுத்திருந்தபோது அத்தை பெரிய ஜாடி நிறையக் கொண்டுவந்தார். விளக்கிச் சொன்னதும் புரிந்துகொண்டு, மறுநாள் இளநீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பாக்கெட் சாமான்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக் குளூட்டன் இல்லா ரொட்டி சாதாரண ரொட்டியைவிடப் பல மடங்கு விலை. சுட்டுத் தின்றால்தான் வாயில் போகும், ஆறினால் உதிரும். நான் இனி வாங்க மாட்டேன். அரிசி, சோளத்தில் செய்த பாஸ்தா நன்றாக இருக்கிறது, பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள். ஆனால் கடைத்தெருவில் கிடைக்கும் பீஹூன் அதே வேலையைக் குறைந்த காசில் செய்துவிடும். அரிசி மாவில் இசப்கோல் உமி கொஞ்சம் சேர்த்து வெந்நீரில் பிசைந்தால் சப்பாத்தி மாதிரி உருட்டித் தேய்க்க வரும். இசப்கோல் வாங்கும் காசு முழுக்கத் தகும். ஓட்ஸில் எச்சரிக்கை வேண்டும், சாதாரண பாக்கெட்டுகளில் கோதுமை கலந்திருக்க வாய்ப்பு அதிகம். வாங்கும்போது மலாயில் 'காண்டும்' (கோதுமை), 'பார்லி', 'மால்ட்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். குளூட்டன் உள்ள தானியங்கள் சேர்த்திருந்தால் அதைப் பாக்கெட்டில் குறிப்பிட வேண்டும் என்பது மலேசியாவின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளிலேயே இருக்கிறது. பசார் மாலாமில் பிளாஸ்டிக் பையில் கட்டி விற்கும் பலகாரத்தில் அந்தக் குறிப்பெல்லாம் இருக்காது. ஈப்போ புந்தோங்கில் செய்யும் கச்சாங் பூத்தே (கடலை, முறுக்கு வகை நொறுக்குத் தீனி) எனக்கு உயிர். ஆனால் மாவுப் பலகாரமும் கடலையும் ஒரே எண்ணெயில் பொரிபடுவதால் வறுத்த கடலையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். கோதுமையை விட்டவர்கள் மூன்று வேளையும் வெள்ளைச் சோற்றில் போய் விழுகிறோம். நார்ச்சத்து குறையும், இனிப்பு நீர் இருக்கும் வீடுகளில் சர்க்கரை ஏறும். கேழ்வரகும் கம்பும் பயறும் சேர்த்துக்கொண்ட பிறகுதான் எனக்கு அது சரியானது.

சொந்தக்காரர்கள் விஷயம்தான் கடையைவிடக் கடினம். "ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆயிடப் போவுது?" என்பார்கள். வேண்டாம் என்றால் வீட்டுக்காரம்மா முகம் வாடும். அந்த ஒரு வாய்க்கு என் குடல் பல நாள் விலை கொடுக்கும் என்பதை உரக்கச் சொல்லப் பழகிக்கொண்டேன், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விசேஷங்களில் பரிமாறத் தொடங்குவதற்கு முன்பே சமையல்கட்டுக்குப் போய் எனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பந்தி ஆரம்பித்ததும் கோதுமை ரவைக் கேசரியின் கரண்டி சர்க்கரைப் பொங்கலுக்குள் போய்விடும். தீபாவளிக்கு நெய் உருண்டையும் அரிசி முறுக்கும் என் வீட்டிலேயே செய்து மற்றவர்களுக்கும் கொடுக்கிறேன். இப்போது என் நாத்தனார் அதிரசத்தில் கோதுமை மாவு சேர்ப்பதையே நிறுத்திவிட்டார். நான் கேட்கவே இல்லை.

கடைசியாக, ரத்த சம்பந்தப்பட்டவர்களுக்கு. பெற்றோர், கூடப்பிறந்தவர், பிள்ளைகளில் சுமார் பத்தில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கக்கூடும். என் தம்பி, நான் சாப்பிடுவதைப் பார்த்துத் தானும் கோதுமையை விடப் போவதாகச் சொன்னான். விடாதே, முதலில் டெஸ்ட் எடு என்று நிறுத்திவைத்தேன். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் ரத்தத்தில் இந்த நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் சரியாகத் தெரியும். விட்டபின் போனால் நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடலாம். அடுத்த வாரம் ஈப்போவுக்கு அவனை நானே அழைத்துப் போகிறேன். அதுவரை அவன் ரொட்டி சானாய் சாப்பிடட்டும்.