பெரியவர்களின் பிஎம்ஐ எண்ணா, வயதுக்கேற்ற சதமானமா?

13 வயதுப் பிள்ளை, உயரம் 150 செ.மீ., எடை 40 கிலோ. எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால், உயரத்துக்கேற்ற எடையா என்று பார்க்கிற பிஎம்ஐ எண் 17.8 வருகிறது. பெரியவர்களுக்கான அட்டவணையில் 18.5-க்குக் கீழே என்றாலே எடை குறைவு, அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளையை உட்காரவைத்துத் திணிக்க ஆரம்பித்துவிடுகிறோம், பாவம்.

அதே 17.8-ஐ வயதும் பாலினமும் பார்க்கிற வளர்ச்சி வரைபடத்தில் வைத்தால் கதையே வேறு. சதமானம் என்றால், அதே வயது, அதே பாலினப் பிள்ளைகள் 100 பேரில் எத்தனை பேரின் பிஎம்ஐ இதைவிடக் குறைவு என்பதுதான். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் வரைபடத்தில் 5-வது சதமானத்திலிருந்து 85-வதுக்குள் இருந்தால் ஆரோக்கியமான எடைதான், இந்தப் பிள்ளை அதற்குள் நன்றாகவே அடங்கிவிடுகிறது. பருவமடையும் வயதில் உயரம், தசை, கொழுப்பு எல்லாமே மாறிக்கொண்டே இருக்குமே, அப்புறம் ஒரே எல்லைக்கோடு எப்படிப் பொருந்தும்?

என்னைக் கேட்டால் 20 வயதுக்குள் சதமானம்தான் சரி. ஆனால் சதமானமும் தசையா கொழுப்பா என்று பிரித்துச் சொல்லாது, அதற்கு மருத்துவர்தான் வேண்டும்.